ராடார் இருந்தும் கப்பல்கள் ஏன் மோதுகின்றன?

கேள்வி இதுதான்: "கடல் இவ்வளவு பரந்து கிடக்கிறது. கப்பலில் ராடார், ஜிபிஎஸ், கப்பலின் பெயரையும் இடத்தையும் ஒலிபரப்பும் ஏஐஎஸ் எல்லாம் இருக்கின்றன. பிறகும் எப்படி மோதிக்கொள்கிறார்கள்? குமரி மாவட்டத்து விசைப்படகுகளைக் கப்பல் இடித்துவிட்டுப் போய்விட்டது என்று செய்தி வருகிறதே, மேலே நிற்பவர்களுக்குப் படகு கண்ணில் படாதா?"

சரக்குக் கப்பல்களில் வாட்ச் (முறை வைத்துக் கப்பலைக் கவனிக்கும் வேலை) நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கடல் பரந்ததுதான். ஆனால் கப்பல்கள் பரவிப் போவதில்லை. எல்லோரும் டீசல் மிச்சம் பிடிக்கக் குறுக்கு வழியில்தான் போவார்கள். அதனால் இலங்கையின் தெற்கு முனையான தேவேந்திரமுனை, சிங்கப்பூர் நீரிணை, ஆங்கிலக் கால்வாய் போன்ற இடங்களில் போக்குவரத்து நெரிசலாக இருக்கும். வளைகுடாவில் இருந்து கிழக்கே வரும் கப்பல்களில் பல, கேரளக் கரையை ஒட்டி இறங்கி, குமரி முனைக்குக் கீழே திரும்பும். அதே தண்ணீரில்தான் தூத்தூர், இரயுமன்துறைப் படகுகளும் தங்கல் போட்டு மீன் பிடிக்கின்றன.

அடுத்தது வேகம். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். சாலையில் அது ஒரு வேகமே இல்லை. ஆனால் எதிரெதிரே வரும் இரண்டு கப்பல்கள் ஆளுக்கு 20 நாட்டில் வந்தால், ராடாரில் 12 கடல் மைலில் தெரிகிற கப்பல் 18 நிமிடத்தில் நம் மேல் இருக்கும். 50 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலின் கம்பத்து உச்சி வெள்ளை விளக்கு 6 மைலிலும், பக்க விளக்குகள் 3 மைலிலும் தெரிய வேண்டும் என்பது விதி. இடப்பக்கச் சிவப்பையும் வலப்பக்கப் பச்சையையும் பார்த்துத்தான் எதிரே வருபவன் எந்தப் பக்கம் காட்டி வருகிறான் என்று கண்ணால் உறுதி செய்ய முடியும். அந்த 3 மைல் இந்த வேகத்தில் வெறும் நாலரை நிமிடம்.

பிரேக்கும் கிடையாது. முழு வேகத்தில் போகும் கப்பலை, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினால், 15 கப்பல் நீளத்துக்குள் நிற்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தரம் சொல்கிறது. மிகப் பெரிய கப்பல்களுக்கு அதைவிடவும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். 300 மீட்டர் கப்பலுக்கு 15 நீளம் என்றால் நாலரை கிலோமீட்டர். அதே கப்பல் சுக்கானை முழுதாகத் திருப்பினால் நாலரை நீளத்துக்குள், அதாவது சுமார் 1,350 மீட்டருக்குள், 90 டிகிரி திரும்பிவிட வேண்டும். அதனால்தான் நடுக்கடலில் எங்களுக்கு முதலில் கை போவது சுக்கானுக்கு. எஞ்சினுக்குப் போவது அப்புறம். "ஏன் நிறுத்தவில்லை?" என்று கரையில் கேட்பார்கள். நிறுத்த நேரம் இருந்திருந்தால் திருப்பவும் நேரம் இருந்திருக்கும்.

இப்போது பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். வழக்கமான ஏற்பாடு நாலு மணி நேர வாட்ச். பன்னிரண்டில் இருந்து நாலு வரை செகண்ட் ஆபீசர், நாலில் இருந்து எட்டு வரை சீஃப் ஆபீசர், எட்டில் இருந்து பன்னிரண்டு வரை தேர்ட் ஆபீசர். பகலிலும் இரவிலும் இதே சுற்று. இருட்டிவிட்டால் ஆபீசருடன் லுக் அவுட்டுக்கென்று, அதாவது கண்காணிப்புக்கு மட்டும், ஒரு மாலுமியும் நிற்க வேண்டும். மாற்ற வருபவர் கண் இருட்டுக்குப் பழகப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். வெளிச்சமான படிக்கட்டில் இருந்து ஏறி வந்ததும் "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடம் வாட்சை ஒப்படைக்கக் கூடாது. கேப்டன் தூங்கப் போகும்முன் இரவு உத்தரவுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்: இத்தனை மைலுக்குள் ஏதாவது கப்பல் கடக்கும் என்று தெரிந்தால் என்னை எழுப்பு, பார்வை தூரம் குறைந்தால் எழுப்பு, சந்தேகம் என்றால் எழுப்பு. இந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விடக் கனமானது.

மோதல் தவிர்ப்பு விதிகள் 1972-ல் எழுதப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதில் ஐந்தாம் விதி இரண்டு வரிதான்: எப்போதும் கண்ணாலும் காதாலும், கையில் உள்ள எல்லாச் சாதனங்களாலும் கண்காணித்துக்கொண்டிரு. ஏழாம் விதி இன்னும் சுவாரசியமானது. மோதும் ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குறைவான தகவலை, அதிலும் குறைவான ராடார் தகவலை வைத்து ஊகிக்கக் கூடாது. என் கணக்கில் பெரும்பாலான மோதல்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. யாரோ ஒருவர் எதையோ பார்த்திருப்பார். அதைச் சந்தேகிக்காமல், தனக்குச் சாதகமான அர்த்தத்தைப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆபத்தைக் கண்டுபிடிக்க எந்த மின்னணுக் கருவியும் தேவைப்படாத ஒரு முறை உண்டு. எதிர்க் கப்பல் இருக்கும் திசையைக் காம்பஸில் பார். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி பார். திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால், இருவரும் ஒரே புள்ளிக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரப் போகிறீர்கள். குறுக்குச் சாலையில் இருந்து வரும் லாரி நம் கார்க் கண்ணாடியில் அதே இடத்தில் அசையாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் என்ன அர்த்தமோ, அதேதான். இதில் ஒரு கஷ்டம் உண்டு: அசைகிற வெளிச்சம் கண்ணை இழுக்கும், அசையாதது இழுக்காது. ஆபத்தானது அசையாத வெளிச்சம்தான். ராடாரில் உள்ள கணினி இதையே கணக்குப் போட்டு, எவ்வளவு நெருக்கத்தில் கடக்கும், எத்தனை நிமிடத்தில் கடக்கும் என்று எண்ணாகத் தந்துவிடும். நல்ல வசதி. ஆனால் அந்த எண், இருவரும் இப்போதைய போக்கிலேயே போனால் என்ற அனுமானத்தில் வருவது. அவன் திரும்பினால் கணக்குப் புதிதாகத் தொடங்கி நிலைப்பட நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் திரையில் இருப்பது பழைய உண்மை.

யார் வழி விடுவது என்பது மேலோட்டமாகச் சொன்னால் எளிது. இரண்டு எஞ்சின் கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், யாருக்கு வலப்பக்கம் மற்றவர் இருக்கிறாரோ அவர் வழி விட வேண்டும். முந்திப் போகிறவர் எப்போதும் விலகிப் போக வேண்டும். வழி விடுகிறவர் சீக்கிரமாகவும், எதிராளிக்குப் பளிச்சென்று தெரியும்படி பெரிதாகவும் திரும்ப வேண்டும். ஐந்து டிகிரி, ஐந்து டிகிரியாகத் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது. மற்றவர் தன் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். இரண்டாவதுதான் நரம்பைச் சோதிக்கும். அவன் திரும்புவானா மாட்டானா என்று பார்த்துக்கொண்டே, ஐந்து குறுகிய ஊதல் கொடுத்து, கடைசியில் நாமே திரும்பியாக வேண்டிய கட்டம் எது என்று தீர்மானிக்க வேண்டும்.

ஐந்து டிகிரி ஏன் கூடாது என்பதற்கு 1956 ஜூலை 25-ஐச் சொல்வார்கள். ஜெனோவாவில் இருந்து நியூயார்க் போன இத்தாலியப் பயணிக் கப்பல் 'ஆந்த்ரியா டோரியா', நியூயார்க்கில் இருந்து கிளம்பிய ஸ்வீடன் கப்பல் 'ஸ்டாக்ஹோம்'. இடம் அமெரிக்கக் கரையில் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே. இரவு, மூடுபனி. இரண்டிலும் ராடார் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று ராடாரில் வெகு முன்பே பார்த்துவிட்டன. டோரியாவில் எதிர்க் கப்பல் சற்று வலப்பக்கம் இருப்பதாகத் தெரிந்தது. அதனால் வலப்பக்கமாகவே கடக்கலாம் என்று இடப்பக்கம் 4 டிகிரி திரும்பினார்கள். ஸ்டாக்ஹோமில் டோரியா சற்று இடப்பக்கம் இருப்பதாகத் தெரிந்தது. அவர்கள் வலப்பக்கம் திரும்பினார்கள். 4 டிகிரித் திருப்பம் எதிராளியின் ராடாரில் தெரியவே தெரியாது. டோரியாவில் ராடார் எதிரொலிகளைக் காகிதத்தில் குறித்து வரைந்து பார்க்கவும் இல்லை, மூடுபனியில் வேகத்தையும் 22 நாட்டுக்கு அருகிலேயே வைத்திருந்தார்கள். விளக்குகள் கண்ணில் பட்டபோது நேரம் போய்விட்டது. 51 பேர் இறந்தார்கள். டோரியா பதினொரு மணி நேரம் சாய்ந்து கிடந்து மறுநாள் காலை மூழ்கியது. யார் மேல் தப்பு என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்முன் கம்பெனிகள் சமாதானமாகிவிட்டன. விவாதம் இன்றுவரை ஓயவில்லை. ராடாரே இல்லாதிருந்தால் இருவரும் பயந்து மெதுவாகப் போயிருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம்.

அறுபது வருடம் கழித்து, 2017 ஜூன் 17, ஜப்பான் கரைக்கு அப்பால். அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஃபிட்ஸ்ஜெரால்ட்' மேல் 'ஏசிஎக்ஸ் கிறிஸ்டல்' என்ற கண்டெய்னர் கப்பல் மோதியது. இரவு ஒன்றரை மணி. வானம் தெளிவு. தூங்கிக்கொண்டிருந்த 7 மாலுமிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். உலகின் மிக நவீனமான கண்காணிப்புக் கருவிகள் உள்ள கப்பல் அது. அமெரிக்கக் கடற்படையே வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் கை நடுங்கும். கிறிஸ்டல் வலப்பக்கத்தில் இருந்து வந்தது, ஆகவே வழி விட வேண்டியது போர்க்கப்பல்தான். ஆனால் லுக் அவுட் நின்றது இடப்பக்கம் மட்டும். ராடாரைச் சரியாக ஒழுங்குபடுத்தவில்லை. அருகருகே இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்றைப் பார்த்ததும் 'அதுதான் இது' என்று குழப்பிக்கொண்டார்கள். வாட்ச் ஆபீசர் முதலில் வலப்பக்கம் திரும்பச் சொல்லி, ஒரு நிமிடத்துக்குள் அதை ரத்து செய்து, முழு வேகத்தில் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். கேப்டனை எழுப்பவில்லை, எழுப்ப வேண்டும் என்று எழுத்திலேயே உத்தரவு இருந்தும். போர்க்கப்பல் என்பதால் ஏஐஎஸ்ஸில் தன் இருப்பை ஒலிபரப்பவும் இல்லை. எதிர்ப்பக்கமும் கை சுத்தம் அல்ல. கிறிஸ்டலில் இருந்த ஆபீசர் விளக்கடித்துக் காட்டினார், ஆனால் திரும்பியது மிகத் தாமதமாக.

கேப்டனை எழுப்பாதது பற்றி ஒரு வார்த்தை. வெளியில் இருந்து பார்த்தால் இது அசட்டுத்தனம். இளம் ஆபீசராக நின்றவர்களுக்குத்தான் அந்தத் தயக்கம் தெரியும். நள்ளிரவில் எழுப்பி, அவர் மேலே வந்து பார்த்து, "இதற்கா எழுப்பினாய்?" என்று கேட்டுவிட்டால்? நல்ல கேப்டன்கள் இதை முதல் நாளே சரிக்கட்டிவிடுவார்கள். நீ பத்துத் தடவை வீணாக எழுப்பு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்பார்கள், சொன்னபடி நடக்கவும் செய்வார்கள். முகம் சுளிக்கிற கேப்டனின் கப்பலில் எத்தனை கருவி இருந்தும் ஒரு பாதுகாப்புக் குறைவுதான்.

ஏஐஎஸ் வந்தபிறகு வேறொரு பழக்கம் சேர்ந்திருக்கிறது. கப்பலின் பெயர் திரையில் தெரிகிறது. உடனே விஹெச்எஃப் ரேடியோவைக் கையில் எடுத்து, "நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள், சிவப்புக்குச் சிவப்பா?" (இருவரும் இடப்பக்கம் காட்டிக் கடப்பதா) என்று பேரம் தொடங்கிவிடுகிறார்கள். கேட்க நாகரிகமாக இருக்கும். ஆனால் இருட்டில் யாரிடம் பேசுகிறோம் என்று உறுதியில்லாமல், இரண்டு பேரின் உடைந்த ஆங்கிலத்தில், விதிக்கு மாறாக ஒப்பந்தம் போட்டு, பேசிய நேரத்தில் திரும்பியிருக்க வேண்டிய தூரத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. பிரிட்டிஷ் கடலோர நிர்வாகம் இதைக் குறித்து எச்சரித்தே வந்திருக்கிறது. விதி இருக்கும்போது பேச்சுக்கு வேலையில்லை என்பது என் கட்சி. துறைமுக வாயிலில் வழிகாட்ட வரும் பைலட்டோடும் கட்டுப்பாட்டு அறையோடும் பேசுவது வேறு விஷயம், அது கட்டாயம். அங்கேயும் பிசகலாம்: 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயு இறக்கிவிட்டு வெளியேறிய 'பிடபிள்யூ மேப்பிள்' கப்பலும் உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்' டேங்கரும் மோதின. பிறகு எர்ணாவூர்க் கரையில் வாளியால் எண்ணெய் அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

தனியாக நிற்பது இன்னொரு தொல்லை. 2025 மார்ச் 10 காலை, இங்கிலாந்தின் ஹம்பர் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற 'ஸ்டெனா இம்மாகுலேட்' டேங்கர் மேல் 'சோலாங்' என்ற சிறு கண்டெய்னர் கப்பல் நேராகப் போய் மோதியது. நகராத கப்பல் மேல்! திட்டுத் திட்டாகப் பனி. இரண்டு கப்பலின் பிரிட்ஜிலும் லுக் அவுட்டுக்கென்று தனி ஆள் இல்லை என்று பிரிட்டனின் விபத்துப் புலனாய்வுப் பிரிவு சொன்னது. சோலாங்கின் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். தனியாக நிற்பவர் தூங்கிவிடாமல் இருக்க பிரிட்ஜில் ஒரு எச்சரிக்கை மணி உண்டு. 3 முதல் 12 நிமிடத்துக்குள் ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் கத்தும், அப்புறம் கேப்டன் அறையில் கத்தும். அந்த மணியால் கண்டுபிடிக்க முடிவது தூக்கத்தை மட்டும். விழித்துக்கொண்டே பேப்பர் வேலையில் மூழ்கியிருப்பவனை அது ஒன்றும் செய்யாது. கரையோரச் சிறு கப்பல்களில் இரண்டே பேர் ஆறு மணி நேரம் மாற்றி ஆறு மணி நேரம் நிற்பதும் உண்டு. ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்று சட்டம் சொல்கிறது. துறைமுகத்தில் சரக்கு வேலையும் சேர்ந்தால் காகிதத்தில் மட்டும் அந்த 10 இருக்கும்.

இனி படகுகள்.

சட்டத்தில் தெளிவு இருக்கிறது. வலை போட்டுத் தொழில் செய்துகொண்டிருக்கும் படகுக்கு எஞ்சின் கப்பல்தான் வழி விட வேண்டும், எவ்வளவு பெரிய கப்பலானாலும். அதற்கான விளக்குகளைப் படகு காட்ட வேண்டும்: இழுவலை என்றால் மேலே பச்சை, கீழே வெள்ளை. மற்ற வலைகளுக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. மீன்பாட்டுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அது சாதாரண எஞ்சின் படகுதான், சலுகை இல்லை. போக்குவரத்துப் பாதைகளில் பாதையோடு போகும் கப்பலைப் படகு மறிக்கவும் கூடாது.

ஆனால் கண்ணில் படுமா? பெரிய கப்பலின் பிரிட்ஜில் இருந்து பார்த்தால் அணியத்துக்கு (கப்பலின் முன்முனைக்கு) முன்னால் ஒரு பகுதிக் கடல் தெரியாது. புதிய கப்பல்களில் அந்த மறைவு இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீட்டர், எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதாவது விதிப்படி கட்டிய கப்பலிலேயே அரை கிலோமீட்டர் வரை மறையலாம். ஃபைபர் படகும் மரப்படகும் ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. தென்மேற்குப் பருவக்காற்றில் அலைகளே திரையை நிரப்பும், அவற்றைக் குறைக்கிற குமிழைத் திருகினால் அலையோடு படகும் மறையும். கொச்சிக்கு வெளியே திரையில் ஐம்பது புள்ளிகள் ஒன்றாகக் கிடக்கும். எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கும். வெறுத்துப்போய் மணியை அணைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மீன் ஈர்க்கவும் வேலை செய்யவும் படகில் போடும் வெள்ளை விளக்குகள் வெகு தூரம் தெரியும், உண்மை. ஆனால் அந்த வெளிச்சத்தில் பச்சையும் சிவப்பும் மூழ்கிவிடும். அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும். எந்தப் பக்கம் போகிறது, வலை எங்கே நீள்கிறது என்று தெரியாது. வலையைக் காப்பாற்றப் படகு கப்பலை நோக்கியே வந்து டார்ச் அடிப்பதும் நடக்கும், அது பிரிட்ஜில் இருப்பவரை இன்னும் குழப்பும்.

இதெல்லாம் காரணங்கள், சாக்குகள் அல்ல. கேரளக் கரையில் படகுக் கூட்டம் இருக்கும் என்பது ஒவ்வொரு ஆபீசருக்கும் முன்கூட்டியே தெரியும். அப்படியிருக்க, கரையில் இருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாதை போட்டிருக்கலாம், வேகத்தைக் குறைத்திருக்கலாம், கூடுதலாக ஒரு லுக் அவுட்டை நிறுத்தியிருக்கலாம். கம்பெனிக்கு ஆகும் சில மணி நேர இழப்புதான் பெரும்பாலும் தடை. 2018 ஆகஸ்ட் 7-ல் முனம்பத்துக்கு அப்பால் 'ஓசியானிக்' படகு இடிபட்டபோது அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்துக்காரர்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் 'ரபா' என்ற பேப்பூர்ப் படகும் ஒரு கண்டெய்னர் கப்பலும் மோதியதில், படகில் இருந்த 14 பேரில் உயிரோடு மீட்கப்பட்டது 2 பேர். அவர்களிலும் தமிழ்நாட்டு மீனவர்கள் இருந்தார்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போவது பற்றி: 300 மீட்டர் கப்பலில் 15 மீட்டர் படகு பட்டால் மேலே ஒரு அதிர்வும் தெரியாமல் போகலாம். தெரிந்தும் போகிறவன் குற்றவாளி. எது என்று பின்னால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஏஐஎஸ் தடம் அந்த நேரத்தில் அங்கே இருந்த கப்பல்களைக் காட்டும், கப்பலின் பயணப் பதிவுக் கருவி பிரிட்ஜில் பேசியதையும் ராடார் படத்தையும் வைத்திருக்கும், அணியத்தில் படகின் பெயிண்ட் ஒட்டியிருக்கும். 2012 மார்ச் 1-ல் ஆலப்புழைக்கு அப்பால் படகு இடிபட்டு 5 மீனவர்கள் இறந்த வழக்கில், சந்தேகிக்கப்பட்ட 'பிரபு தயா' கப்பலைச் சென்னைக்கு வரவழைத்து விசாரித்தார்கள்.

படகில் இருப்பவர்கள் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். உயரமான கம்பத்தில் உலோக ராடார் பிரதிபலிப்பான் கட்டுங்கள், விலை அதிகமில்லை. முடிந்தால் ஏஐஎஸ் பொருத்தி அதை அணைக்காமல் விடுங்கள். மீன் கிடைக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அணைக்கிறார்கள், புரிகிறது, ஆனால் கப்பல் பாதையில் கிடக்கும் இரவிலாவது போட்டுவையுங்கள். எஞ்சினை நிறுத்தி எல்லோரும் படுத்தாலும் ஒருவர் முறை வைத்து விழித்திருக்க வேண்டும். கப்பல் வெளிச்சத்தில் மேலே இரண்டு வெள்ளையும் ஒரு நேர்கோட்டில், கீழே சிவப்பும் பச்சையும் ஒரே சமயத்தில் தெரிந்தால் அது உங்கள் மேலேயே வருகிறது. விஹெச்எஃப் ரேடியோவின் சேனல் 16-ல் "கப்பல், கப்பல்" என்று கூப்பிட்டால் நாலு கப்பலும் வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்ளும். ஜிபிஎஸ்ஸில் உள்ள உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெரிய டார்ச்சைக் கப்பலின் பிரிட்ஜை நோக்கி அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், ஆபீசரின் கண் கூசிப் போகும். ஓரிரு தடவை அவர் கவனத்தைத் திருப்பிவிட்டு, அந்த வெளிச்சத்தை உங்கள் வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) மேலேயே அடியுங்கள். அங்கே இருப்பது படகு என்பதும் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரியும்.